ரெண்டு பேர் கூட்டி எழுதிய கொப்பிகள்

கதவைத் தட்டிக் கேள்வி கேட்பது என் தொழில். தட்டுகிற கதவுகளில் பாதி திறக்கும், திறக்கிற கதவுகளில் பாதியில் நாய்தான் முதலில் வரும்.

குடிசன மதிப்புக்குப் போனவர்கள், வாக்காளர் பட்டியல் எழுதியவர்கள், படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு படி ஏறிய ஆசிரியர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் ஹாலிஎலக்காரி. பண்டாரவளையில் கணித டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக ஆய்வு ஒன்றுக்கு ஆள் தேவை என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே ஒரு செய்தி யார் வாயிலிருந்து யார் காதுக்கு, எந்த நேரத்தில் போகிறது என்பதைத் தோட்டத்து ஆட்களே தினமும் கொப்பியில் எழுத வேண்டும். கொப்பிகளைச் சேர்த்து, ஆளுக்கொரு இலக்கம் போட்டு, கம்பியூட்டரில் ஏற்றுவது என் வேலை. அதை வைத்துக் கணக்குப் பண்ணி, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குத் தெரியவரும் என்று சொல்வது நிரோஷன் சேரின் வேலை. அவர் ஹட்டனில் பிறந்து கொழும்பில் இருப்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் சேர்தான்.

போன் இல்லாத ஊரா என்று கேட்பீர்கள். போன் இருக்கிறது. கொழுந்து எடுக்கப் போகும்போது அது வீட்டில் இருக்கும், வீட்டில் இருக்கும்போது சிக்னல் மலைக்கு மேலே இருக்கும்.

மழையை நிறுத்துவாரா?

முதல் நாள் விடியற்காலை, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்து முடிந்த கையோடு பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். நான் குடிமக்கள் அறிவியல், தரவு, மாதிரி என்று டியூஷன் குரலில் அளந்து தள்ளினேன். கூடையை முதுகில் மாட்டியபடி எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது மரியாதைக்காக என்பது எனக்கே தெரிந்தது.

பிறகு ஒருத்தர் உண்மையான விஷயத்தைச் சொன்னார். முந்தின மாரியில் காலையிலேயே ஆபீசுக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. மலைச்சரிவுக்கு அடியில் இருக்கிற பணிய லயத்தில், அதாவது கீழ் வரிசை வீடுகளில், கடைசிக் காம்பராவில் இருக்கும் லெச்சுமிக்கு அது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. சொன்னவர், ஆட்டோவில் பாண் விற்க வந்தவர். லெச்சுமியின் கணவர் ராமையாவுக்குக் கால் வழங்காது. அவரைப் படிக்கட்டில் தூக்கி மேலே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக நாலு பேரும் ஒரு மணித்தியாலமும் வேண்டும். அந்தத் தடவை மலை வரவில்லை. அடுத்த தடவையும் அது பொறுமையாக இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

"அதுக்குத்தான் இந்தக் கொப்பி, அடுத்த மாரிக்குள்ள லெச்சுமியம்மாவுக்கு நேரத்தோட செய்தி போகணும்" என்றேன். முன்வரிசையில் நின்றவர் பிலோமினா. கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, நாக்கோ கவ்வாத்துக் கத்தி. அவர் கூடையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்: "ஏன் மிஸ், நாங்க ஊர்வம்பு பேசுனா தொரை ஏசுவாரு. நீங்க அதை எழுதி வேற கேக்குறீங்க. இதை வச்சு ஒங்க சேரு மழையையே நிப்பாட்டிருவாரா?"

கடிகாரம் பார்க்காத நேரங்கள்

எப்படியோ பெரும்பாலான வீடுகள் எழுதச் சம்மதித்தன. எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதினார்கள். முதல் வாரக் கொப்பிகளைப் பார்த்ததும் நிரோஷன் சேர் தலையில் கைவைத்தார். நேரம் என்ற கட்டத்தில் ஒரு மணிகூட இல்லை. 'பெரட்டுக்கு முந்தி', 'காலைக் கொழுந்து நிறுக்கையில', 'பிள்ளைக்குப் பால் குடுக்கப் போனப்ப', 'சோறு வடிக்கையில' என்றுதான் இருந்தது. "மிஸ், சோறு எத்தனை மணிக்கு வடிப்பாங்க?" என்று கலாநிதிப் பட்டம் வாங்கிய அந்த மனுசன் என்னிடம் போனில் கேட்டார். நான் லயம் லயமாகப் போய் அதையும் விசாரித்தேன். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடத்தில், ஆயாவாக இருக்கும் செல்வராணியிடம் 'தயவுசெய்து மணியாக எழுதுங்கள்' என்று கெஞ்சினேன். ஒரு தோளில் ஒரு பிள்ளையும் இடுப்பில் இன்னொரு பிள்ளையுமாக நின்றவர் சொன்னார்: "மணி போட்டா ஒங்களுக்கு வெளங்கும் மிஸ். எங்களுக்கு எப்ப நடந்துச்சுன்னு எப்பிடி வெளங்கும்?"

யாருக்கும் சொல்லாத மனிதர்

முதல் மாதம் முடிந்ததும் நிரோஷன் சேரிடமிருந்து போன். குரலில் நடுக்கம். ஏதோ கண்டுபிடித்துவிட்டவரின் நடுக்கம். "மிஸ், இலக்கம் எழுபத்தொண்ணு யாரு? தோட்டமே தெனமும் அவர்கிட்ட செய்தி சொல்லுது. அவர் யாருக்கும் ஒண்ணுமே சொல்றதில்ல. எழுபத்திரெண்டும் அப்பிடித்தான். இந்த மாதிரி ரெண்டு மனுசங்கள எந்த ஆய்விலயும் நான் பாத்ததில்ல."

இலக்கம் போடுகிற வேகத்தில் நான் கவனிக்கவே இல்லை. பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். எழுபத்தொன்று, மாதம் ஒருமுறை பூசை வைக்கப் பண்டாரவளையிலிருந்து வரும் ஃபாதர். எழுபத்திரண்டு, வெள்ளிக்கிழமை மட்டும் வரும் கோயில் பூசாரி. அந்த ரெண்டு பேரிடமும் தினமும் செய்தி சொன்னதாக, வேதக்காரர் சைவக்காரர் என்ற பேதமில்லாமல், கிட்டத்தட்ட எல்லாக் கொப்பியிலும் இருந்தது.

மறுநாளே பஸ் ஏறினேன். கோபத்தோடுதான் போனேன். பிலோமினாவின் கொப்பியை விரித்துக் காட்டி, ஏன் இந்தப் பொய் என்று கேட்டேன். அவர் முகத்தில் குற்றவாளியின் சாயலே இல்லை. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ரெண்டு கிலோ கழித்துக்கொள்வது தோட்டத்து வழக்கம். கழிவுக்கும் சேர்த்துக் கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும். அப்படியே பழகிய கைகள். பிலோமினா எனக்காக இரக்கப்பட்டுத்தான் விளக்கினார்: "எப்பிடியும் ரெண்டு கழிப்பீங்கன்னு தெரியும்ல மிஸ், அதான் ஆளாளுக்கு ரெண்டு பேரக் கூட்டிப் போட்டோம். ஃபாதரும் பூசாரியும்னா, நாங்க சொல்லலன்னு வந்து நிக்க மாட்டாங்க."

கங்காணியின் கௌரவம்

இந்த ஆய்வில் ஒன்றும் கழிக்க மாட்டோம் என்று நான் மாதா கோயில் முன்னாலும் மாரியம்மன் கோயில் முன்னாலும் சத்தியம் பண்ணாத குறை. அதன் பிறகு கொப்பிகள் நேர்மையாக வந்தன. கூட்டிப் போட்டவை எவை என்று தெரிந்துவிட்டதால் பழைய கொப்பிகளும் வீண்போகவில்லை. நிரோஷன் சேர் கோடுகள் போட்டுத் தோட்டத்தின் படம் ஒன்றை அனுப்பினார். நடுவில் எல்லாக் கோடுகளும் வந்து குவிகிற புள்ளி செல்வராணி. யோசித்தால் நியாயம்தான். காலையில் பிள்ளையை விடவும், பகலில் பால் கொடுக்கவும், பின்னேரம் கூட்டிப் போகவும் நாளைக்கு மூன்று தடவை தாய்மார் அவரிடம் வருகிறார்கள்.

ஓய்வு பெற்ற சவரிமுத்துக் கங்காணிக்கு இது பொறுக்கவில்லை. ஆபீசுக்குப் பக்கத்து வீடு அவருடையது. எந்தச் செய்தியும் முதலில் அவருக்குத்தான் வரும், அவர் லயத்து முனையில் நின்று சத்தம் போட்டால் தோட்டமே கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. கொப்பிகளோ, அவர் சத்தம் போடும்போது ஊருக்கு அது பழைய செய்தி என்றன. படத்தில் தன் புள்ளியைத் தேடிப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். மனுசன் நொந்துபோனார் என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. எச்சரிக்கை வந்தால் ஆபீசிலிருந்து அதை வாங்கி, ஓட்டமாகப் பிள்ளை மடுவத்துக்குக் கொண்டுபோக அவரைவிட்டால் ஆள் இல்லை என்றேன். அது உண்மையும்கூட. கொஞ்ச நேரம் மீசையைத் தடவியவர் எழுந்துகொண்டார்: "சரி மிஸ். நான் செல்வராணிக்குச் சொல்றேன், அவ தோட்டத்துக்குச் சொல்லட்டும். ஆனா நான் சொல்லித்தான் தெரியும்னு சொல்லச் சொல்லுங்க."

வெறுங்கொப்பி

படத்தில் ஒரு புள்ளிக்கு மட்டும் கோடே இல்லை. அது லெச்சுமி. அவருடைய கொப்பியில் ரெண்டு மாதமாகத் தினமும் ஒரே வரி, குண்டு குண்டான எழுத்தில்: 'இன்று எதுவும் கேட்கவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.' நான் அதை முதலில் பார்த்தபோது, சோம்பேறித்தனமாக ஒரே வரியைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். நிரோஷன் சேரும் அதை ஒதுக்கிவிடலாம், தரவு இல்லாத கொப்பி என்றார். ஒதுக்குவதற்கு முன் ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அப்படிச் சொல்ல வைத்த கடவுளுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

போய்ப் பார்த்தால், அது அப்படியே உண்மை. கணவரைப் பார்ப்பதற்காக லெச்சுமி வேலையை விட்டவர், அதனால் பெரட்டுக்குப் போவதில்லை. மகன் வளர்ந்து கொழும்பில் கடையில் நிற்கிறான், அதனால் பிள்ளை மடுவத்துக்கும் போவதில்லை. ஒரே சுவரைப் பங்கு போடுகிற பக்கத்துக் காம்பராக்காரர் வேறு யாருமில்லை, நம்முடைய பிலோமினாதான். கூரைத் தகரம் மாற்றியபோது பிலோமினா வீட்டு மழைத்தண்ணீர் லெச்சுமியின் விறகில் விழுந்ததாம். அன்றையிலிருந்து ஆறு வருடமாகப் பேச்சில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. இல்லை என்று எழுதுவதற்கும் எழுதாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! சைபரும் ஒரு பதில்தான் என்பேன். இங்கே ஒருத்தர் தினமும் அந்தச் சைபரை எழுதி அனுப்ப, நான் அதைக் குப்பையில் போடப் பார்த்திருக்கிறேன். தோட்டத்திலேயே ரெண்டு பேரைக் கூட்டிப் போடாத ஒரே கொப்பி அதுதான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. வாய் சும்மா இருக்காமல் அதைப் பாராட்டியும் வைத்தேன். லெச்சுமி ராமையாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "கூட்டிப் போடவும் ரெண்டு பேரு வேணுமே மிஸ். நான் யாரு பேரப் போடுவேன்?"

சுவர்

நிரோஷன் சேர் விடிய விடியக் கணக்குப் பார்த்துவிட்டு ஒரே ஒரு முடிவைச் சொன்னார். அந்த ரெண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தால், கடைசி வீட்டுக்கு மறுநாள் தெரியவரும் செய்தி அன்று பகலிலேயே தெரிந்துவிடும். ஒலிபெருக்கி, சைரன் என்று நாங்கள் நினைத்திருந்த எதையும்விட அதுதான் வேகம். கோடு போடுவது அவருக்குச் சுலபம். கம்பியூட்டரில் ஒரு தட்டு. நானல்லவா பிலோமினாவின் அடுப்படியில் போய் உட்கார வேண்டியிருந்தது?

பால் ஊற்றாத சாயத்தண்ணி ரெண்டு கோப்பை குடித்தேன். லெச்சுமிக்காகப் பேசினேன், ராமையாவுக்காகப் பேசினேன், வேதத்திலிருந்தும் ரெண்டு வசனம் எடுத்துவிட்டேன். பிலோமினா அசையவில்லை. பேச்சு என்று ஆரம்பித்தால் விறகு வரும், விறகு வந்தால் தகரம் வரும், வேண்டாம் மிஸ் என்றார். தோற்றுப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "மிஸ், பேச மாட்டேன்னுதான் சொன்னேன். செவுத்தத் தட்ட மாட்டேன்னு சொல்லல."

மழைச் சத்தம்

ஒப்பந்தம் இதுதான். எச்சரிக்கை வந்தால் பிலோமினா உலக்கையால் சுவரில் மூன்று தட்டு. கேட்டுவிட்டது என்பதற்கு லெச்சுமி பதிலுக்கு ஒரு தட்டு. ரெண்டு தரப்பிலும் கௌரவம் காப்பாற்றப்பட்டது. அந்தக் கோட்டுக்கு என்ன பெயர் போடுவது என்று நிரோஷன் சேர் கேட்டார், 'உலக்கை' என்று போடச் சொன்னேன்.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்டது. எச்சரிக்கை வந்த அன்று நான் தோட்டத்தில் இல்லை. வழியில் மண் விழுந்து பஸ் நின்றுபோய், பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் ஈரக்குடையோடு நின்று, எடுபடாத போனை அழுத்திக்கொண்டிருந்தேன். கணக்குச் சரியாக இருக்க வேண்டுமே என்று நான் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான். ஒரு பிழை இருந்தாலும் அது பேப்பரில் நிற்காது, ராமையாவின் தலையில் விழும்.

மறுநாள் பகல் லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறங்கினேன். பணிய லயம் முழுவதும் அங்கே இருந்தது. மூலையில் பிள்ளைகள் உட்காரும் வாங்கு ஒன்றில் கம்பளி போர்த்தி ராமையா உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. நடந்ததைச் செல்வராணி சொன்னார். கங்காணி மழையில் ஓடி வந்து மூச்சு வாங்கச் சொல்லியிருக்கிறார். பகலில் பால் கொடுக்க வந்த தாய்மாருக்குச் செல்வராணி சொல்லியிருக்கிறார். கைப்பிள்ளைக்காரியான பிலோமினா, பிள்ளையைச் செல்வராணியிடமே விட்டுவிட்டுப் பணிய லயத்துக்கு ஓடியிருக்கிறார். ராமையாவை நாலு பெண்கள் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்து, ஈரச் சேலையைப் பிழிந்து, தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் மலை இறங்கியிருக்கிறது. கடைசி நாலு காம்பராக்களின் பின்பக்கம் இப்போது இல்லை. ஆள் சேதம் ஒன்றும் இல்லை.

எல்லாம் படத்தில் இருந்த கோடுகளின் வழியேதான் நடந்திருந்தது. ஆனால் செல்வராணியின் கதையில் உலக்கை வரவில்லையே என்று பிலோமினாவிடம் கேட்டேன். அவர் எங்கோ பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்: "தட்டுனேன் மிஸ், ஒலக்கையே ஒடையுற மாதிரித் தட்டுனேன். தகரத்துல விழுற மழைச் சத்தத்துல அக்காவுக்குக் கேக்கல. ஒங்க சேரு கணக்குல மழைச் சத்தத்தப் போடலதானே? அப்புறம் நான் போய்க் கூப்புடாம என்ன செய்யிறது?"

கடைசிக் கொப்பி

லெச்சுமி வீட்டிலிருந்து எடுத்து வந்தவை மூன்று. ராமையாவின் மருந்து, அடையாள அட்டைகள், ஷொப்பிங் பையில் சுற்றிய கொப்பி. அந்த நாளின் பக்கம் இப்படி இருந்தது. நேரம்: 'சோறு வடிக்கையில.' கேட்டது: 'மண்ணு வருது, எந்திரிக்கா.' சொன்னவர்: 'பிலோமினா.' நான் சொன்னது: 'அவருக்கு.' சோறு வடிக்கும் நேரத்தை முதல் வாரத்திலேயே லயம் லயமாக விசாரித்து வைத்தது நல்லதாகப் போயிற்று. நிரோஷன் சேர் சொன்ன பகல் நேரத்தோடு அது அப்படியே ஒத்துப்போனது. நான் அதை அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு, 'சைபரை ஒதுக்காமல் விட்டதற்கு நன்றி மிஸ்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

ரெண்டு வாரம் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்கள். நான் மறுபடி லொறி பிடித்துப் போனபோது லெச்சுமியின் கொப்பியில் பக்கம் நிறைந்து ஓரத்திலும் எழுத்து. காலையில் செல்வராணி சொன்னது, கங்காணி தான்தான் முதலில் சொன்னதாகச் சொன்னது, பிலோமினா சொன்னது, பிலோமினாவுக்குத் தான் சொன்னது. வழக்கம்போல மற்றக் கொப்பிகளோடு ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தியது, ரெண்டு பெயரைத் தவிர. எல்லா நாளும் கடைசியில் ஃபாதரும் பூசாரியும் இருந்தார்கள். பஸ் இன்னும் ஓடாததால் ரெண்டு பேரும் அந்தப் பக்கமே வரவில்லை.

கொப்பியோடு போய் லெச்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிலோமினா கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார். 'நாங்கள் இப்போது கழிப்பதில்லையே, பிறகு ஏன் இந்த ரெண்டும்?' என்று மெதுவாகக் கேட்டேன். ஆறு வருடம் பேசாதிருந்தவர் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார்: "எல்லாரும் போட்டாங்க, நான் மட்டும் போட்டதே இல்லியே மிஸ். இப்பத்தான் எனக்கும் கூட்டிப் போடுற அளவுக்கு ஆளு இருக்காங்க."

தரவில் பொய் இருப்பது தெரிந்தும் கழிக்காமல், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே கம்பியூட்டரில் ஏற்றியது என் தொழிலில் அந்த ஒரு தடவைதான்.